காப்பிக்கடையும் முக்காலியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் கோவையில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். எங்கள் பகுதியில் நண்பர்கள் இருவர் நடத்திவந்த சிறிய கஃபே சென்ற மாதம் மூடப்பட்டது. அதே சாலையில் அந்நியப் பெருநிறுவனம் ஒன்றின் காப்பிக்கடை திறந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. அங்கே விற்பதைக் காப்பி என்றே சொல்ல முடியாது. கருகிய கொட்டையும் சர்க்கரையும் கலந்த ஏதோ ஒரு பானம். நம் சிறு கடைகளில் இருக்கும் உயிரும் உறவும் அங்கே இல்லை. முதலாளிக்கு நம் பெயர்கூடத் தெரியாது. நம் மரபான, தூய டிகிரி காப்பி இப்படியே அழிந்துவிடுமா? நானும் என் நண்பனும் வேலையை விட்டுவிட்டுச் சுதந்திரமான ஒரு கஃபே தொடங்க நினைக்கிறோம். வரைபடத்தை இணைத்திருக்கிறேன். பெருநிறுவனங்களை எதிர்த்து எங்களால் நிற்க முடியுமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த காலையில் நான் எங்கள் தெருமுனைக் காப்பிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கடையில் உட்கார இடம் கிடையாது. காப்பி மாஸ்டருக்கும் கிடையாது. அதிகாலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைக்கிற அந்த மனிதர், இடது முழங்காலில் கிரேப் பாண்டேஜைச் சுற்றிக்கொண்டு, டம்ளரின் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு டிகாக்ஷனை விட்டுப் பாலை ஊற்றித் தூக்கி ஆற்றும் ஒவ்வொரு முறையும் உடல் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொள்கிறார். அவர் கால் மாற்றுவதையே நினைத்தபடி வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் உங்கள் கடிதம். ஆகவேதான் இந்தப் பதில். இல்லாவிட்டால் காப்பி அழிந்துவிடுமா என்கிற கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுதுகிறவள் அல்ல.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். கருகல், சர்க்கரை என்பதெல்லாம் நாக்கின் விவகாரம். பிடிக்கவில்லை என்றால் குடிக்க வேண்டாம். 'அந்நிய' என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள காப்பிக்கடையை நம் நகரங்களுக்குப் பழக்கிய கஃபே காபி டே, சிக்கமகளூரின் காப்பித் தோட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்த சித்தார்த்தா தொடங்கியது. அதன் முதல் கடை 1996-இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் திறந்தது. ஸ்டார்பக்ஸ் 2012-இல் மும்பையில் முதல் கடையைத் திறந்தபோது டாட்டாவோடு சரிபாதிப் பங்கில்தான் வந்தது. மரபு என்கிறீர்கள், உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலையில் குடித்தது நீராகாரமாகத்தான் இருக்கும். தூய்மையா? உங்கள் வீட்டுக் காப்பித்தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 49 வரை சட்டமே அனுமதிக்கிறது. சிக்கரி சேர்ந்தால்தான் டிகாக்ஷன் திக்காக இறங்கும் என்பது என் கட்சி, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் அதற்குத் தூய்மை என்று பெயர் வைத்துக் கொடி பிடிக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிறு கடையில் உறவு இருக்கிறது, முதலாளிக்கு நம் பெயர் தெரியும் என்பது உங்களுக்கு இவ்வளவு இனிப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: நீங்கள் யாரென்று தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கடைக்காரரும் உங்களை எழுந்துபோகச் சொன்னதில்லை. தமிழ்நாட்டின் பழைய காப்பி ஹோட்டல்கள் பலவற்றில், வருகிறவர் யாரென்று தெரிந்துகொண்டது அவரை எங்கே உட்காரவைப்பது, உட்காரவைக்கலாமா என்று முடிவு செய்வதற்காகத்தான். பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறிடம் என்று பிரித்துப் பரிமாறினார்கள். 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் அந்தச் சொல் இறங்கியது. நீங்கள் பயன்படுத்தும் பொருளில் அதுவும் சுதந்திரமான கடைதான், தம்பி. கிராமத்துத் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தவருக்கும் ஊரில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். தெரிந்ததால்தான் குவளை இரண்டானது.

பெண்களுக்கு வேறு கணக்கு. பெரிய ஹோட்டல்களில் 'குடும்ப அறை' என்று அரைக்கதவு போட்ட ஓர் அடைப்பு இருக்கும்; கணவனோடோ பிள்ளைகளோடோ வந்தால் அதற்குள் போய் உட்காரலாம். தனியாக ஒருத்தி வந்தால் எங்கே உட்காருவாள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்கிற நினைப்பே அந்தக் கட்டடங்களில் இல்லை.

என் அம்மா பள்ளி ஆசிரியை. எழுபதுகளில் மாயவரத்தில் இருந்து கும்பகோணம் போய், அங்கே வண்டி மாறி வேலைக்குப் போய்வந்தாள். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் காப்பிக்கடைப் பையன் ஜன்னலுக்கு வெளியே நின்று டபராவையும் டம்ளரையும் நீட்டுவான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்ததும், டம்ளர் போய்விட்டால் தன் கூலியில் பிடித்துக்கொள்வார்களே என்ற பயத்தில், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'சீக்கிரம்க்கா, சீக்கிரம்க்கா' என்று கூடவே நடப்பான். அம்மா கொதிக்கிற காப்பியை அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். மேலண்ணம் வெந்து தோல் உரிந்து இரண்டு நாளைக்கு ரசஞ்சாதம்கூட இறங்காது. பத்தடி தள்ளி, அதே கடையின் பெஞ்சில் ஆண்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு செய்தித்தாளை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்தபடி அதே காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். இருபத்தாறு ஆண்டுப் பணிக்காலத்தில் ஒருநாள்கூட அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து அப்பாவுக்குச் சென்னையில் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனையின் தரைத்தளத்தில் நீங்கள் வெறுக்கிற மாதிரியான ஒரு பெருநிறுவனக் காப்பிக்கடை இருந்தது. பட்டியலிலேயே மிகக் குறைந்த விலைக்கு எது கிடைத்ததோ அதை வாங்கி அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, இரத்தத்துக்கும் ரசீதுக்குமாக மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தாள். காகிதக் கோப்பையில் முக்கால்வாசிக் காப்பி ஆறி ஏடு கட்டியிருந்தது. என்னை அருகில் அழைத்து, ரகசியம் சொல்வதுபோல், 'இவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேன், எழுந்திருங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்லலையேடி' என்றாள். பிறகு, 'காப்பி மகா மட்டம். நாற்காலி நன்னா இருக்கு' என்றாள். அந்த நாற்காலியை எனக்கு ஏச மனம் வருவதில்லை.

உடனே நான் பெருநிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குவதாக அடுத்த கடிதத்தை எழுதத் தொடங்கிவிடாதீர்கள். தெருமுனையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் காப்பி அங்கே 250 ரூபாயைத் தாண்டுகிறதென்றால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி பாலுக்கும் கொட்டைக்கும் ஆனதாக இருக்காது. இடவாடகைக்கும் குளிருக்கும் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் ஆனது. 250 ரூபாய் இல்லாதவரை வாசல் காவலாளியின் பார்வையே திருப்பி அனுப்பிவிடும். காசு இருந்தாலும் போதாது என்பதையும் பார்த்தோம். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஒருவரைச் சந்திப்பதற்காக எதுவும் வாங்காமல் ஸ்டார்பக்ஸ் கடையில் காத்திருந்த கறுப்பின இளைஞர்கள் இருவரைக் காவலர்கள் கைவிலங்கிட்டு அழைத்துப் போனார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்ததும், அந்த நிறுவனம் அடுத்த மாதம் அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது; வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் வந்து உட்காரலாம் என்று அறிவித்தது. அந்த அனுமதியை 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிறிய கஃபேக்களும் இதில் சளைத்தவை அல்ல. சென்னையில், பூசாத செங்கல் சுவரில் விடுதலைக் கவிதைகளை எழுதி மாட்டியிருந்த ஒரு கடையில், நாற்பதாவது நிமிடம் ஒரு பெண் வந்து, 'மேம், டேபிளுக்கு வெயிட்டிங் இருக்கு' என்று என்னை எழுப்பிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் இருந்து அவளும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

பெரியது, சிறியது என்று நீங்கள் கோடு கிழிக்கும் இடமே எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியன் காப்பி ஹவுஸை எதில் சேர்ப்பீர்கள்? அரசின் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முயற்சியால் அவர்கள் 1957 முதல் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கடைகளை நடத்தத் தொடங்கினார்கள். ஒரே பெயர், ஒரே சீருடை, ஏகப்பட்ட கிளைகள். எண்ணிக்கையைப் பார்த்தால் அதுவும் சங்கிலித்தொடர் கடைதான். ஆனால் விசிறித் தலைப்பாகையோடு காப்பி கொண்டுவந்து வைக்கிறவர் அங்கே பங்குதாரர். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அரசியல் பேசுகிறவர்களை அவர் எழுப்பிவிடுவதில்லை என்பது நான் கேள்விப்பட்டதல்ல, அப்படிப் பேசிய கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

மீண்டும் எங்கள் மாஸ்டரின் முழங்காலுக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி செய்து தர வேண்டும் என்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. வேலை நேரம் முழுக்க ஒருவரை நிற்க வைக்கக்கூடாது என்பதற்குச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது; நாள் முழுக்க நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்தால் அது எவ்வளவு தாமதம் என்று புரியும். நான் எங்கள் கடை முதலாளியிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நல்ல மனிதர், என் பெயர் தெரியும், என் மகளின் பெயரும் தெரியும். 'முக்காலி போட்டா மாஸ்டர் தூங்கிடுவாரும்மா' என்று சிரித்தார். நீங்கள் சொல்லும் உறவு அந்தச் சிரிப்பிலும் இருந்தது.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. எதிர்த்து நிற்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும் என்று எழுதியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கடிதத்தில் பக்கம் பக்கமாக ஆவேசம் இருக்கிறது, அந்த ஒரு எண் இல்லை. கடையை மூடிய அந்த நண்பர்களிடம் முதலில் அதைக் கேளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வேலையை விடவும் வேண்டாம்.

வரைபடத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன். அழகாக வரைந்திருக்கிறீர்கள். இத்தாலிய இயந்திரத்துக்கு இடம், புத்தக அலமாரிக்கு இடம், கித்தார் மாட்ட ஓர் ஆணி, வாடிக்கையாளருக்குப் பதினான்கு நாற்காலிகள். கல்லாவுக்குப் பின்னால், காப்பி போடப்போகிறவர் நிற்கும் இடத்தை ஒன்றரை அடி அகலத்துக்குக் குறுக்கியிருக்கிறீர்கள். அங்கே ஒரு முக்காலிகூட வரையவில்லை. அந்தப் பக்கத்தை மாற்றி வரைந்து அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.