14 நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க நேர்ந்தால்

அன்புத் தங்கச்சிக்கு,

ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, கையில் ஒரு வயதுக் குழந்தை, மொழி இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் கடைகளில் சாமான் கிடைக்காமல் போய்விடுமா, இப்போதே நாலைந்து மூட்டை அரிசி வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் டோர்ட்முண்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். 2020இல் என் சின்னவனுக்கு இரண்டு வயது. அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அரிசி மூட்டை வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020இலும் இந்த நாட்டில் சாப்பாடு தீர்ந்துபோகவில்லை. சில அடுக்குகள் சில வாரம் காலியாக இருந்தன, அவ்வளவுதான். உண்மையில் எங்களை வாட்டியது, கடை திறந்திருந்தும் நாங்கள் வாசல் தாண்ட முடியாமல் கிடந்த அந்த இரண்டு வாரம். நீங்கள் தயாராக வேண்டியதும் அதற்குத்தான்.

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. திங்கள் முதல் பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் மூடல் என்று எங்கள் மாநிலத்தில் அறிவித்த நாள். சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். பாஸ்தா அடுக்கு முழுக்கக் காலி, விலைச்சீட்டுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. கோதுமை மாவு இருந்த தட்டில் சிந்திய மாவு மட்டும் இருந்தது; கடைசிப் பாக்கெட்டை யாரோ பின்னாலிருந்து துழாவி எடுத்திருக்கிறார்கள், விரல் தடம் நாலும் மாவில் அப்படியே பதிந்திருந்தது. டின்னில் வரும் கொண்டைக்கடலை ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழ்த்தட்டில் டெல்லர்லின்ஸன் என்கிற காய்ந்த பயறு பாக்கெட்டுகள் அடுக்கியது கலையாமல் இருந்தன. ஊறவைத்து வேகவைக்க வேண்டிய எதையும் யாரும் தொடவில்லை. நான் இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டேன். அந்த விரல் தடம் மட்டும் கண்ணை விட்டுப் போகவே இல்லை. மறுநாள் காலையில் நம் தமிழ்க் கடைக்குப் போய் 20 கிலோ அரிசி இரண்டு மூட்டை, 10 கிலோ ஆட்டா மாவு என்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே இதற்கு ஹாம்ஸ்டர்காவ்ஃப் என்று பெயர். ஹாம்ஸ்டர் கன்னத்தில் தானியத்தை அடக்கிக்கொண்டு ஓடுமே, அதிலிருந்து வந்த சொல். அந்த மார்ச் 18ஆம் தேதி சான்ஸலராக, அதாவது நம் ஊர்ப் பிரதமர் மாதிரி, இருந்த அங்கேலா மெர்க்கல் தொலைக்காட்சியில் பேசியபோது இதையும் சொன்னார். வீட்டில் சாமான் இருப்பு வைப்பது நல்லதுதான், எப்போதுமே நல்லதுதான், ஆனால் அளவோடு. இனி எதுவுமே கிடைக்காது என்பது போல அள்ளுவது அர்த்தமற்றது, அடுத்தவரை நினைக்காத செயல் என்றார். கடையில் பில் போடுகிறவர்களுக்கும் அடுக்குகளை நிரப்புகிறவர்களுக்கும் நன்றி சொன்னதும் அதே பேச்சில்தான். என் வீட்டு மூலையில் அப்போது இரண்டு மூட்டை நிற்கிறது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுக்குகள் ஏன் காலியாயின என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். அலுவலகம், பள்ளி, ஹோட்டல் எல்லாம் மூடியதும் மூன்று வேளையும் எல்லோரும் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மாவு ஆலைகளில் மாவு இருந்தது; ஆனால் அதில் பெரும்பகுதி பேக்கரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மொத்தமாகப் போகிறது. வீடுகளுக்கான 1 கிலோ பாக்கெட் போடும் இயந்திரங்கள் அத்தனை வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. டாய்லெட் பேப்பர் இடத்தை அடைக்கிற பொருள், கடையில் அதிகம் வைக்க முடியாது, பத்துப் பேர் கூடுதலாக எடுத்தாலே அடுக்கு வெறுமையாகத் தெரியும். வெறுமையைப் பார்த்தவர் அடுத்த முறை இரண்டாக எடுப்பார். அப்புறம் எல்லாம் மெல்லத் திரும்பி வந்தது. 2022இல் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இதே கதை. அப்படிப்பட்ட சமயத்தில் அடுக்கின் மேல் "ஹவுஸ்ஹால்ட்ஸ்உப்லிஷ மெங்கன்" என்று தாள் ஒட்டியிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு வழக்கமாக ஆகும் அளவு மட்டுமே தருவோம் என்று அர்த்தம். மீறி எடுத்தால் கல்லாவில் திருப்பி வாங்கி வைத்துவிடுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஏப்ரல் முதல் வாரம் என் கணவரோடு வேலை செய்த ஒருவருக்குத் தொற்று உறுதியானது. சுகாதாரத் துறையிலிருந்து போன் வந்தது, 14 நாள் வெளியே போகக் கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அடுத்து எனக்கு. அதற்கடுத்து குழந்தைக்கு. நடுவில் ஈஸ்டர் வேறு: 10ஆம் தேதி புனித வெள்ளி, 12 ஞாயிறு, 13 திங்கள் என்று மூன்று நாள் கடை அடைப்பு. இணையத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடைகளில் இரண்டு வாரத்துக்கு நேரமே காலியில்லை.

மூலையில் 40 கிலோ அரிசி இருக்கிறது. எனக்கு எழுந்து நின்று அதைக் கழுவ முடியவில்லை. பருப்பு இருக்கிறது, வேகவைக்கத் தெம்பில்லை. வெங்காயம் ஐந்தாம் நாள் தீர்ந்தது, பால் அதற்கு முன்பே. டயப்பரை எண்ணி எண்ணிப் போட்டோம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. குழந்தைக்கு 39.4 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏறிய ராத்திரி, காய்ச்சல் மருந்து பாட்டிலைக் கவிழ்த்து வைத்தேன். அடியில் ஒட்டியிருந்தது சொட்டுச் சொட்டாக அளவுக் குழாயில் இறங்கி, போட வேண்டிய அளவில் பாதிக்கோடுகூட எட்டவில்லை. அந்த ராத்திரிதான் எனக்குப் புரிந்தது, நான் எதைச் சேர்த்திருக்க வேண்டும், எதைச் சேர்த்தேன் என்று.

மறுநாள் கீழ்வீட்டுப் பாட்டிக்குப் போன் செய்தேன். எழுபது தாண்டியவர், அவரே வெளியே போகாமல் இருந்தார். அவருடைய மகள் வாரம் ஒருமுறை அவருக்குச் சாமான் வாங்கி வருவார். அன்று மத்தியானம் எங்கள் கதவுக் கைப்பிடியில் துணிப்பை ஒன்று தொங்கியது. உள்ளே குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, ஆறு வாழைப்பழம், இரண்டு பாக்கெட் பால், ஸ்வீபாக் என்கிற இருமுறை சுட்ட ரஸ்க். இங்கே வயிறு சரியில்லை என்றால் எல்லா வீட்டிலும் இதைத்தான் கொடுப்பார்கள். பையோடு ஒரு துண்டுச் சீட்டு: "பணம் பிறகு. வேறு என்ன வேண்டுமோ இதே தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்." அவருக்கு எங்களைத் தெரிந்ததே டிசம்பரில் அவருக்கு வந்த பார்சலை நாங்கள் வாங்கி வைத்திருந்ததால்தான். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது உங்களுக்கு. இங்கே பே பே கா என்று சொல்லும் பேரிடர் உதவிக்கான மத்திய அலுவலகம், வீட்டில் 10 நாளைக்கான இருப்பு வைக்கச் சொல்கிறது. அத்தனை முடியாவிட்டால் மூன்று நாளுக்காவது. அவர்கள் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர், 10 நாளுக்கு 20 லிட்டர். அரிசி, ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்து 10 நாளுக்கு ஒருவருக்கு 3.5 கிலோதான். பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து 7 கிலோ, குழந்தைக்குக் கொஞ்சம். நாலைந்து மூட்டை எங்கே, இது எங்கே பாருங்கள். தண்ணீர்க் கணக்கு குழாயும் கரண்டும் நின்றுபோகும் வெள்ளம், புயலுக்கானது. தொற்று நாளில் எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, அது குடிக்கக்கூடிய தண்ணீர். மாடிக்குப் பாட்டில் பாட்டிலாகச் சுமக்க வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள், சிறிதளவு இருந்தால் போதும்.

ஒரே நாளில் போய் வாங்காதீர்கள். வழக்கமாக வாங்கும்போது வாரத்துக்கு ஒரு பொருள் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். இந்த வாரம் பருப்பு, அடுத்த வாரம் எண்ணெய், அதற்கடுத்து ரவை. இரண்டு மாதத்தில் தானாகச் சேர்ந்துவிடும், அடுத்தவருக்கும் குறை வராது. புதிதை அடுக்கின் பின்னால் வையுங்கள், பழையதை முன்னால் இழுத்துச் சமையுங்கள். நீங்கள் சாதாரண நாளில் சாப்பிடாத எதையும் சேர்க்க வேண்டாம். என்னுடைய 10 கிலோ ஆட்டாவில் ஜூலை மாதம் அந்துப்பூச்சி நூல் கட்டிவிட்டது. மாவோடு நிற்காமல் பக்கத்திலிருந்த ரவை, பயறு எல்லாவற்றுக்கும் பரவி, அலமாரியையே காலி செய்து கழுவ வேண்டியதாயிற்று. மாவை ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்கி மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள்.

பாக்கெட்டில் "மிண்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்" என்று போட்ட தேதி தாண்டினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். அதுவரை தரம் குறையாது என்று மட்டும்தான் அர்த்தம். பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் சாப்பிடலாம். "ட்சு ஃபெர்ப்ராவ்ஹன் பிஸ்" என்று அரைத்த இறைச்சி மாதிரி சாமானில் இருக்கும் தேதி வேறு. அது தாண்டினால் தொடவே கூடாது.

காய்ச்சலோடு எழுந்தவர் ஐந்து நிமிடத்தில் சாப்பிடக்கூடியது என்று தனியாக ஒரு பெட்டி வையுங்கள். நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைப்பது இதைத்தான். ரஸ்க், ஓட்ஸ், சூப் பாக்கெட், நாள்பட நிற்கும் பால், டின்னில் வேகவைத்த பயறு, குழந்தைக்கு நீங்கள் இப்போது கொடுக்கும் உணவு. சர்க்கரையும் உப்பும் வீட்டில் இருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் பெரியவர்களுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். குழந்தைக்கு மருந்துக்கடையில் எலெக்ட்ரோலைட் பொடி வாங்கி வைத்துவிடுங்கள், அதில் அளவு தப்பாது.

மருந்தில் அசட்டையாக இருக்காதீர்கள். 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து இந்த நாடு முழுக்கவே தட்டுப்பாடாகிவிட்டது, பெற்றோர் கடை கடையாக அலைந்தார்கள். பாராசிட்டமால் மருந்து ஒன்று பிரிக்காமல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஒன்று போதும், ஐந்து வேண்டாம். பிரித்தால் அன்றைய தேதியை பாட்டிலில் எழுதுங்கள். 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அரசுக் காப்பீடு பணம் கொடுத்துவிடும். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. குழந்தையின் எடையை மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். தெர்மாமீட்டரில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வந்து மூன்று மாதம் என்றால் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்கிற குடும்ப மருத்துவரைப் பிடித்துவிட்டீர்களா? இல்லையென்றால் சாமான் வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள், குழந்தைக்குத் தனியாகக் குழந்தை மருத்துவரும் வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து நோய் கடுமையாக இல்லாவிட்டால் 5 நாள் வரை போனிலேயே விடுப்புச் சான்று வாங்கலாம். ஆனால் அந்த மருத்துவருக்கு உங்களை முன்பே தெரிந்திருக்க வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு புதிதாகத் தேடினால் இடமில்லை என்பார்கள். ராத்திரியும் ஞாயிறும் மருத்துவர் வேண்டுமென்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டையும் உங்கள் மருத்துவர் எண்ணையும் தாளில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, அந்தக் கட்டடத்தில் யாரைத் தெரியும் உங்களுக்கு? யாரையும் தெரியாது என்றால் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடியுங்கள். "குட்டன் டாக், விர் சிண்ட் டீ நொயன் நாக்பார்ன்." வணக்கம், நாங்கள் புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அர்த்தம். இதற்கு மேல் மொழி தெரிய வேண்டாம். உங்கள் பெயரையும் போன் எண்ணையும் எழுதிய சீட்டைக் கொடுங்கள், அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு பார்சல் வந்தால் நீங்கள் வாங்கி வையுங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அவர் வேகமாக ஏதாவது சொல்லி உங்களுக்குப் புரியாமல் போயிருந்தால், காதில் விழுந்ததை அப்படியே தமிழில் எழுதி அனுப்புங்கள், என்ன சொன்னார் என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா