சொத்து மதிப்பீட்டாளரின் பெயர் எதில் நிற்கிறது?

கேள்வி: கட்டடப் பொறியாளரான நான் சென்னையில் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் தொடங்கியிருக்கிறேன். வங்கிப் பணிகள் தொடர்ந்து கிடைக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படியான மதிப்பீடுகளுக்கு ஐ.பி.பி.ஐ. எனப்படும் திவால் வாரியத்தின் பதிவு கட்டாயம். வங்கிகளின் மதிப்பீட்டாளர் பட்டியலில் இடம்பெறத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பெயரைக் காப்பது கள ஆய்வுதான். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டை மதிப்பிடும்போது, பத்திரத்திலுள்ள பிரிக்கப்படாத மனைப் பங்கையும் (கட்டட மனையில் அந்த வீட்டுக்குரிய பங்கு) அனுமதி பெற்ற வரைபடத்தையும் நேரில் அளந்த அளவுகளோடு ஒப்பிடுவதுடன், மழைநீர் எதுவரை நின்றது என்பதைச் சுற்றுச்சுவரில் படிந்த கறையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தீர்வைக்கானது; அதையே சந்தை விலையாக எழுதுவது, என் பார்வையில், சோம்பேறித்தனம். "கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் சார்" என்று கடன் கேட்பவர் கெஞ்சுவார். இசைந்துவிட்டால், கடன் வாராக்கடனாகும் நாளில் வங்கி உங்கள் அறிக்கையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும்.