கையெழுத்து வாங்கினால் போதுமா? பள்ளி இணைய அனுமதி: கேள்வி-பதில்

சேர்க்கையின்போதே "என் பிள்ளை இணையம் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். போதாதா?

போதாது. அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்கின்றன: வகுப்பில் இணையத்தில் தேடுவது, பள்ளி தரும் மின்னஞ்சல் கணக்கு, வெளி நிறுவனச் செயலிகளில் பிள்ளையின் பெயரைப் பதிவது, பிள்ளையின் படத்தைப் பள்ளித் தளத்தில் போடுவது. முதல் மூன்றுக்கும் சரி என்கிற அம்மா, படம் மட்டும் வேண்டாம் என்பார். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று தனிக் கட்டம் வையுங்கள். பதில் வராத படிவத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மாணவனின் பெற்றோர் மறுத்துவிட்டார். அவனை மட்டும் எப்படித் தடுப்பது?

இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. மறுப்புப் படிவம் அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கும்; கம்ப்யூட்டர் லேபுக்கு அந்தச் சேதியே போய்ச் சேர்ந்திருக்காது. பள்ளிக் கணக்குகளுக்குக் கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல், ஆவணச் சேவைத் தொகுப்பு) இருந்தால், அதை நிர்வகிக்கும் அட்மின் கன்சோல் பக்கத்தில் அனுமதி இல்லாதவர்களுக்கென ஒரு தனிப் பிரிவு உருவாக்கி, அவன் கணக்கை அதற்குள் நகர்த்தி, வேண்டாத சேவைகளை அணைத்துவிடலாம்.

ஆனால் லேபில் எல்லாக் கணினிக்கும் 'ஸ்டூடண்ட்' என்று ஒரே பொது லாகின் இருந்தால் இத்தனையும் வீண். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கணினிக்கே தெரியாதே! வைஃபையும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஆளைப் பிரிக்க வழியில்லை. ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு கேட்கும் 'எண்டர்பிரைஸ்' முறைக்கு மாறுங்கள். சாதனத்தின் மேக் முகவரியை (வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்ணை) வைத்துத் தடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் இயல்பாகவே போலி மேக் முகவரியைக் காட்டுவதால் அந்தப் பட்டியலை நம்ப முடியாது.

அப்புறம் இன்னொன்று. வகுப்பாசிரியருக்குத் தேவை பெயரும், எதற்கு அனுமதி இல்லை என்பதும்தான். பெற்றோர் சொன்ன காரணம் அவருக்கு வேண்டாம். அதே பாடத்தை அச்சிட்டு முன்கூட்டியே எடுத்து வைத்தால், பையன் நாற்பது பேர் நடுவில் சும்மா உட்கார வேண்டியிருக்காது.

யூடியூபை மொத்தமாகத் தடுத்துவிடலாமா?

பாட வீடியோவும் சேர்ந்து போய்விடுமே. பள்ளியின் டிஎன்எஸ் அமைப்பிலேயே (தளத்தின் பெயரை அதன் இணைய முகவரி எண்ணாக மாற்றித் தரும் அமைப்பு) யூடியூபின் 'கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை'யை, அதாவது பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டும் அமைப்பை, கட்டாயமாக்கலாம், கமெண்டுகளும் மறைந்துவிடும். சில நல்ல வீடியோக்களும் மாட்டிக்கொள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். டிஎன்எஸ் வடிகட்டியால் தளத்தின் பெயரை மட்டுமே பார்க்க முடியும் என்பதால், "இந்த ஒரு வீடியோவை மட்டும் விடு" என்று அதனிடம் சொல்ல முடியாது.

மாணவர்கள் சொந்த மொபைல் டேட்டாவில் பார்த்தால்?

பள்ளி வடிகட்டி அதைத் தொடாது. அது செல்பேசியைப் பற்றிய விதி. இணைய அனுமதிப் படிவத்தில் அதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

ஒரு வினாடி வினா செயலி 13 வயது கேட்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பிறந்த வருடத்தை மாற்றிப் போடச் சொல்லலாமா, மேடம்?

கூடவே கூடாது. அந்த 13 அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சிறார் இணையத் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வருவது: அதற்குக் கீழ் வயதுள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது வரம்பு 16. நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. வருடத்தை மாற்றிப் போட்டால், அந்தப் பிள்ளை செயலியின் கணக்கில் பெரியவராகிவிடும். சிறுவர்களுக்கான பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடைக்காது. மாணவர் கணக்கே இல்லாமல், ஆசிரியர் தரும் குறியீட்டையும் ஒரு புனைபெயரையும் போட்டு நுழையும் செயலிகள் இருக்கின்றன. அவற்றைத் தேடுங்கள்.

"என் மகள் பள்ளியில் என்னென்ன தேடினாள், பட்டியல் கொடுங்கள்" என்று ஓர் அப்பா கேட்கிறார்.

அலுவலகத்தில் அந்த நிமிடமே அச்சிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் முதலில் தலைமை ஆசிரியரும் ஆலோசகரும் பார்க்கட்டும். வீட்டில் நடப்பதைப் பற்றியே ஒரு பிள்ளை உதவி தேடியிருக்கலாம்.