ஸ்பீடுபோட்டின் ஜிகினாப் பூச்சு மங்கினால்: கேள்வி பதில்

1970களில் அமெரிக்காவில் கிளாஸ்ட்ரான்-கார்ல்சன் போன்ற ஃபைபர்கிளாஸ் ஸ்பீடுபோட்டுகளில் வந்த மெட்டல் ஃப்ளேக் (மினுக்கும் துகள் கலந்த) பூச்சைப் பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: சார், மேல்தளம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளிறிவிட்டது. புதிதாக அடித்தே ஆகணுமா?

பதில்: முதலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடத்தில் பழைய நிறம் பளிச்சென்று எழுந்தால், கெட்டது மேலிருக்கும் கிளியர் ஜெல்கோட்டின் (ஃபைபர்கிளாஸ் படகின் நிறமற்ற பிசின் மேல்பூச்சு) தோல் மட்டுமே, தேய்த்து மீட்டுவிடலாம். நனைந்தும் சோகையாகவே இருந்தால் ஃப்ளேக்கின் சாயமே வெயிலில் போய்விட்டது. அதற்கு எந்தப் பாலிஷும் பயன்படாது.

கேள்வி: எந்த நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கலாம்? எவ்வளவு ஆழம் போகலாம்?

பதில்: பழைய மெழுகை வாக்ஸ் ரிமூவரால் துடைத்தபின் 800. மிக மோசமான இடத்துக்கு மட்டும் 600. பிறகு 1000, 1500, 2000. கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, நம்பர் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றுங்கள். முந்தைய கீறல் போனதா என்று அப்போதுதான் தெரியும். கடைசியில் கம்பவுண்ட் (மெருகேற்றும் பசை), மெழுகு.

ஆழம்தான் கண்டம். படகை வார்க்கும் அச்சில் முதலில் கிளியர் (அதுவே வெளிப்புறமாக வரும்), அதன்பின் ஃப்ளேக் கலந்த கிளியர், பின்னால் நிற ஜெல்கோட் என்று அடித்திருப்பார்கள். ஃப்ளேக் என்பது அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலத்துண்டு. நிறம் அதன் மேற்பரப்பில்தான். பேப்பர் அதைத் தொட்டால் நிறம் உரிந்து வெள்ளிப்புள்ளி தெரியும். தேய்த்து வழியும் நீர் பால்போல இருக்கும்வரை கவலையில்லை. அதில் நிறம் கலந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். விளிம்புகளில் கிளியர் சீக்கிரம் தேய்ந்துபோகும், டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: அண்ணே, வெள்ளிப்புள்ளி வந்துடுச்சு. மேலே கிளியர் அடிச்சா மறையுமா?

பதில்: மறையாது, இன்னும் பளபளப்பாகத் தெரியும். ஃப்ளேக்கே மறுபடி அடிக்க வேண்டும்.

கேள்வி: சாதாரண ஸ்ப்ரே கன் போதுமா?

பதில்: 0.2 மி.மீ. ஃப்ளேக்குக்கு குறைந்தது 2 மி.மீ. நாசில் வேண்டும், 0.4 மி.மீ. என்றால் இன்னும் பெரியது. கன்னில் உள்ள வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். துகள் அடியில் தங்கிவிடும், கப்பை ஆட்டிக்கொண்டே அடிக்க வேண்டும். அடியில் அதே சாயலில் நிறம் கொடுத்தால் ஃப்ளேக் குறைவாகவே போதும். கைவினைக் கடை ஜிகினா வேண்டாம்: ஜெல்கோட்டில் உள்ள ஸ்டைரீன் என்ற சால்வன்டில் சாயம் கரையலாம். சால்வன்ட் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். காய்ந்ததும் கை வைத்தால் உப்புத்தாள்போல சொரசொரக்கும். அதை உடனே தேய்க்கக் கூடாது. நாலைந்து கோட் கிளியரில் துகளைப் புதைத்து, 400-இல் மட்டமாக்கி, மறுபடி கிளியர்.

கேள்வி: கிளியர் ஜெல்கோட் இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) குறைவா?

பதில்: நகத்தால் அழுத்துங்கள். உள்ளே கெட்டியாக, மேலே மட்டும் பிசுபிசுத்தால் அது காற்றுப்பட்டதால். அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம். அடுத்தமுறை கடைசிக் கோட்டில் மட்டும் காற்றைத் தடுக்கும் வாக்ஸ் கரைசல் சேருங்கள். இடைக்கோட்டில் சேர்த்தால் அடுத்தது ஒட்டாது. நகம் உள்ளே இறங்கினால் ஹார்டனர் குறைவு அல்லது குளிர். சூடுபடுத்தியும் இறுகவில்லை என்றால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) ஹார்டனர் வழக்கமாக 1.5 முதல் 2 சதம், லிட்டருக்கு 15–20 மி.லி.; டப்பாவில் போட்டிருக்கும் அளவே இறுதி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: சுண்டுவிரல் நகமளவு பெயர்ந்திருக்கிறது. பிரஷ்ஷில் தொட்டு வைக்கலாமா?

பதில்: பிரஷ் இழுத்தால் துகள் செங்குத்தாக நின்று, அந்த இடம் கறுத்துத் தெரியும். கிளியரில் ஃப்ளேக் கலந்து ஒரு சொட்டு, சற்று மேடாக வைத்து, செலோ டேப்பால் மூடி அழுத்துங்கள். துகளும் படுக்கும், காற்றும் படாது. காய்ந்ததும் டேப்பை உரித்து, கிளியர் வைத்து, 800-இல் மட்டமாக்குங்கள்.