அரபு வளைகத்தி எந்த ஊருடையது என்று எப்படி அறிவது?

ஜம்பியா என்பது அரேபியத் தீபகற்பத்து ஆண்கள் இடைக்கச்சின் முன்புறம் அணியும், இருபுறமும் கூருள்ள, நடுவே மேடான வரி ஓடும் வளைந்த குத்துவாள். ஓமானில் அதற்குக் கஞ்சர் என்று பெயர். சேகரிப்பவர் அலகைவிட உறையை முதலில் பார்ப்பதே நல்லது. அலகுகள் கைமாறிப் புதுப் பிடி பெற்றதுண்டு. உறையையோ அந்தந்த ஊர்த் தட்டார்கள் தங்கள் வழக்கப்படி செய்தார்கள். கடிதம் புறப்பட்ட ஊரை அஞ்சல் உறையின் முத்திரை காட்டுவது போலத்தான் இதுவும். ஓமானிய உறை ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பும். அதன் மேற்பகுதியில் வெள்ளி வளையங்கள் வரிசையாக இருக்கும். யேமனின் அசீப் உறையோ தூண்டில் முள்ளைப் போல மேல்நோக்கி மடியும். பழைய பிடி காண்டாமிருகக் கொம்பு என்றால் எச்சரிக்கை தேவை. அதன் பன்னாட்டு வணிகம் 1977 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. உறை வளைந்த அளவுக்கு அலகும் வளைந்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உருவிப் பார்த்தால் அலகு அந்தத் திருப்பத்தோடு நின்றுவிடும், மீதி வெறும் அலங்காரம்.