எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் பிசிஓஎஸ்: மூலிகைகள் குறித்த கேள்வி பதில்

உடற்பருமன் அறுவை சிகிச்சைப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்களின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். உங்களுக்கு நடந்தது ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய்போல் ஆக்குவது), பைபாஸா (சிறிய இரைப்பைப் பையை முன்சிறுகுடலைத் தாண்டிச் சிறுகுடலோடு இணைப்பது), எத்தனை மாதம் ஆயிற்று என்பதைத் தயவுசெய்து முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சேலம் வாசகி: ஸ்லீவ் முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கழற்சிக்காய்ப் பொடியை மிளகுடன் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நீர்க்கட்டி கரையும் என்று நாட்டு மருந்துக் கடையில் சொன்னார்கள். தொடங்கலாமா?

இப்போது வேண்டாம் என்பேன். பிசிஓஎஸ்ஸுக்குப் பின்னணியில் பலருக்கும் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை. இரத்தத்தில் இன்சுலின் மிகும்போது சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது; அதனால் கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடுகிறது. ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டிகள்’ பெரும்பாலும் அப்படி முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகளே. அவை கரைக்க வேண்டிய கட்டிகள் அல்ல. ஸ்லீவுக்குப் பிறகு எடையும் இன்சுலினும் வேகமாகக் குறைவதால், பல பெண்களுக்குச் சில மாதங்களிலேயே மாதவிலக்கு தானாகச் சீராகிவிடுகிறது. இந்தச் சமயத்தில் நீங்கள் எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

கழற்சிக்காய் பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளில் செய்யப்பட்டவை. அதன் பருப்பு கடுங்கசப்பு. குழாய்போல் சுருங்கியிருக்கும் இரைப்பையில் அது குமட்டலையும் வாந்தியையும் கிளப்பக்கூடும். நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் உடலில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம் என்பதால், அறுவை முடிந்தவர்களின் வாந்தியை நாங்கள் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கூடச் சேர்க்கும் மிளகும் வெறும் காரம் அல்ல. அதிலுள்ள பைப்பரின் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். வலிப்புக்கான ஃபெனிடோயின், படபடப்புக்கான ப்ரோப்ரனலால் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

மதுரை வாசகி: பைபாஸ் செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா வற்புறுத்தலால் அசோகாரிஷ்டம் குடிக்கிறேன். குடித்த கால் மணி நேரத்தில் வியர்வையும் படபடப்பும் வந்து, தலை சுற்றிப் படுத்துவிடுகிறேன். உடம்பு பழகும் வரை பொறுக்க வேண்டுமா?

பொறுக்க வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். புட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். அரிஷ்டங்களும் ஆசவங்களும் வெல்லம் அல்லது சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைக்கப்படுபவை. அப்போது தானாக உருவாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பதாக லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். பைபாஸுக்குப் பிறகு இனிப்பு நீர்மம் இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலில் கொட்டுகிறது. நீங்கள் சொல்லும் வியர்வையும் படபடப்பும் ‘டம்பிங்’ என்று நாங்கள் அழைக்கும் நிலையின் அடையாளங்களே. ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தாழ்ந்து, இரண்டாம் முறையும் மயக்கம் வரலாம். ஆல்கஹாலும் முன்னைவிட வேகமாக, கூடுதல் உச்சத்துக்கு இரத்தத்தில் ஏறுகிறது. அசோகப் பட்டையின் குணம் எதுவாக இருந்தாலும், இந்த வடிவம் உங்கள் குடலுக்கு ஒத்துவராது. லேகியங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

திருச்சி வாசகி: முகத்தில் முடி வளர்வதற்குப் புதினா டீ நல்லதா?

முகமுடிக்கு ஓரளவு மனித ஆய்வு உள்ள சமையலறைப் பொருள் இது. துருக்கியிலும் இங்கிலாந்திலும் நடந்த இரு சிறிய ஆய்வுகளில், ஸ்பியர்மின்ட் வகைப் புதினா டீ குடித்த பெண்களின் ஆண் ஹார்மோன் அளவு குறைந்தது. ஆனால் 30 நாள் நடந்த ஆய்வில் முடி குறைந்ததாகப் பெண்கள் உணர்ந்தார்களே தவிர, மருத்துவர்கள் அளந்த மதிப்பெண் குறையவில்லை. முகமுடியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஸ்லீவ் ஆகி நெஞ்செரிச்சல் இருந்தால் புதினா அதைக் கூட்டும். உங்களுக்கு எந்த அறுவை நடந்தது என்று எழுதவில்லை.

பெயர் குறிப்பிடாதவர்: முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கரிசலாங்கண்ணி மாத்திரையுடன் பயோட்டின் சாப்பிடலாமா?

அறுவைக்குப் பின் மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி உதிர்வது வேகமான எடையிழப்பின் விளைவு. பெரும்பாலும் தானே திரும்ப வளரும். புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டுப் பரிசோதனை முடிவைத் திரித்துக் காட்டும் என்பதால், இரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஈரோடு வாசகி: எனக்கும் முடி உதிர்கிறது. என்ன மூலிகை சாப்பிடலாம்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

நெல்லை வாசகி: பைபாஸ் ஆகி ஆறு மாதங்கள். திருமணமாகிப் பல ஆண்டுகளாகக் கரு நிற்கவில்லை. இப்போது மாதவிலக்கு மாதந்தோறும் வருகிறது. கருப்பையை வலுப்படுத்தத் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி சாப்பிடலாமா?

அம்மா, நீங்கள் கேட்டதைவிடக் கேட்காதது முக்கியம். மாதவிலக்கு சீரானால் கருமுட்டையும் வெளிவருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்குக் கரு நிற்கலாம். எடை வேகமாக இறங்கும் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை உங்களுக்கே பற்றாமல் இருக்கும்போது குழந்தைக்கு எங்கிருந்து கிடைக்கும்? பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுமையாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது; காப்பர்-டி போன்ற வழிகளைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பல ஆண்டு ஏக்கத்துக்குப் பிறகு கருத்தடை என்ற சொல்லே கசக்கும் என்பது எனக்குத் தெரியும். கிழங்குப் பொடியை அந்தக் காலம் முடிந்தபின் யோசிக்கலாம்.

கோவை வாசகர்: கழற்சிக்காயை எங்கள் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு நலமாகவே இருந்தார்கள். எலி ஆய்வு என்று சொல்லிச் சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவது நியாயமா?

உங்கள் பாட்டிமாரில் எவருக்கும் இரைப்பையின் முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்பட்டிருக்கவில்லை. நான் பேசுவது சித்த மருத்துவத்தைப் பற்றி அல்ல. மாற்றி அமைக்கப்பட்ட ஒரு குடலைப் பற்றி.

தஞ்சாவூர் சித்த மருத்துவர்: இடையில் வருவதற்கு மன்னியுங்கள். பட்டப்படிப்பு படித்த சித்த மருத்துவர் எவரும் நோயாளியின் வன்மையைப் பார்த்தே அளவும் அனுபானமும் (மருந்தைச் சேர்த்து உட்கொள்ளும் துணைப்பொருள்) சொல்வார். என்னிடம் வரும் பெண்கள் இந்த அறுவை நடந்ததையே மறைத்துவிடுகிறார்கள்; வயிற்றில் சிறு தழும்புகளைப் பார்த்து நானே கேட்க வேண்டியிருக்கிறது.

நன்றி ஐயா. இதைத்தான் சொல்ல வந்தேன். டிஸ்சார்ஜ் தாளைச் சித்த மருத்துவரிடமும், சித்த மருந்துச் சீட்டை அறுவை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கோவை வாசகர்: அப்படியானால் இரும்பு மாத்திரைக்குப் பதில் அயச்செந்தூரம் (இரும்பைப் புடமிட்டுச் செய்யும் சித்த மருந்து) போதும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்ளவில்லை. இரும்பை முதன்மையாக உறிஞ்சுவது முன்சிறுகுடல். பைபாஸில் உணவு அதைத் தொடாமலே போகிறது. இரும்பைக் கரைக்கும் அமிலமும் குறைந்துவிடுகிறது. மாத்திரையே போதாமல் நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொள்ளும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு அறுவைக்குப் பின் நாளுக்கு 45 முதல் 60 மி.கி. இரும்பு தேவை; செந்தூரத்தில் எவ்வளவு உடலில் சேரும் என்பதற்கு நம்பகமான கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. உலோகம் சேர்த்துச் செய்யும் மருந்துகளில் இந்த விகிதம் இன்னும் கூடுதல். இந்த வாதத்தை இத்துடன் விடுகிறேன், காத்திருப்பவர்கள் பலர்.

வேலூர் வாசகி: ஊறவைத்த வெந்தயத்தை அப்படியே விழுங்கலாமா?

எந்த அறுவை? ஸ்லீவாக இருந்தாலும் பைபாஸாக இருந்தாலும் முதல் ஆண்டில் வேண்டாம். நீரில் ஊதும் நார் குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளலாம்; மாத்திரைகள் உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தும். இசப்கோலும் சப்ஜா விதையும் அப்படியே.

சென்னை வாசகி: ஸ்லீவ், ஓராண்டு. மயோ-இனோசிட்டால் மூலிகையா? மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு அதை எடுக்கலாமா?

மூலிகை அல்ல, உடலே தயாரிக்கும் சர்க்கரை போன்ற ஒரு பொருள். 2023இல் வந்த பன்னாட்டு பிசிஓஎஸ் வழிகாட்டி, அதனால் தீங்கு குறைவு, ஆனால் கருமுட்டை வெளிவருவதிலும் முடி வளர்ச்சியிலும் எடையிலும் பயன் சொற்பம் என்கிறது. இன்சுலின் எதிர்ப்புக்குத் தரப்படும் மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்; அதைத் தொடரும் வரை பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: குடம்புளி, கிரீன் டீ சாறு, அஸ்வகந்தா மூன்றும் சேர்ந்த கேப்சூல் ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன்.

மூன்றுமே ஈரல் பாதிப்பு பதிவாகியுள்ளவை. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு ஏற்கெனவே கொழுப்பு ஈரல் இருக்கிறது. வாங்காதீர்கள். எந்த அறுவை என்று நீங்களும் எழுதவில்லை, ஆனால் இதற்குப் பதில் எல்லா அறுவைக்கும் ஒன்றே.

புதுச்சேரி வாசகி: பைபாஸ் ஆகி ஓராண்டு. பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த மாதம் அறுவை. மஞ்சள் கேப்சூலும் அதிமதுரப் பொடியும் சாப்பிட்டு வருகிறேன். சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்லுங்கள். வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தக்கல் வருவது வழக்கமே. அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். அடர்த்தியான மஞ்சள் சாறு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். இரண்டையும் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருத்துவரிடம் டப்பாக்களையே கொண்டுபோய்க் காட்டுங்கள். குழம்பில் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை.