இடுப்பில் கட்டுவதா, போனில் வைப்பதா?

கேள்வி: என் மகன் எம்.எஸ். படிக்க செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்துக்குப் போகிறான். கல்விக் கடன் வாங்கி, விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடப் பணம் கட்டியாயிற்று. கைச்செலவுக்கு என்ன கொண்டு போவது என்பதில்தான் வீட்டில் தினமும் சண்டை. ‘கார்டை நம்பாதே, நோட்டாக வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு போ’ என்கிறார் என் மாமனார். ‘எல்லாம் போனில் இருக்கிறது தாத்தா’ என்கிறான் மகன். என் தம்பிக்குத் தெரிந்த ஒருவரோ, ‘இங்கே ரூபாயாகக் கொடுங்கள், அங்கே என் ஆள் யூரோவாகக் கொடுத்துவிடுவார், ரேட்டும் நல்ல ரேட்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், கரூர்

பதில்: தம்பிக்குத் தெரிந்தவரை முதலில் முடித்துவிடுகிறேன் அம்மா. அவர் சொல்வதற்குப் பெயர் ஹவாலா. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். பணம் வந்து சேராவிட்டால் நீங்கள் போலீசுக்குக்கூடப் போக முடியாது. விசா வாங்கிப் படிக்கப் போகிற பிள்ளைக்கு அந்த ‘நல்ல ரேட்’ வேண்டாம்.

தாத்தாவுக்கும் பேரனுக்கும் வருவோம். நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் இருந்தவன். அப்படிப்பட்டவனே 2011-ல் ஒரு பயிற்சிக்கு ஸ்டுட்கார்ட் போனபோது கோட்டை விட்டேன். சனிக்கிழமை இரவு போய் இறங்கினேன். பையில் 100 யூரோ நோட்டுகளும் ஒரு கார்டும் இருந்தன. காலையில் கடைத்தெருவே மூடிக் கிடந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறந்திருந்த ஒரு பேக்கரியில் ஒரு ரொட்டிக்கு 100 யூரோவை நீட்டினால் அந்த அம்மாள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சரி, ஏடிஎம்மில் எடுக்கலாம் என்று போனால் பின் நம்பர் கேட்கிறது. அந்தக் காலத்தில் பின் நம்பர் தபாலில் கவரில் வரும். அந்தக் கவர் பிரிக்காமலே ஊரில் பீரோவுக்குள் இருந்தது! நோட்டும் இருந்தது, கார்டும் இருந்தது, மதியம் வரை பட்டினி.

உங்கள் மகனுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிளாக்டு அக்கவுண்டில் பணம் கட்டிவிட்டோம், போனதும் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. 2024 செப்டம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் விடுவிப்பார்கள். அந்தப் பணம் போய் விழ அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். கீரோகோன்டோ என்பார்கள். கணக்குத் திறக்கப் போனால் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரியைப் பதிய நகர அலுவலகத்தில் அப்பாயிண்ட்மெண்ட் எடுக்க வேண்டும். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் அக்டோபரில் ஊரெங்கும் புது மாணவர்கள் குவிவார்கள், உடனே அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பது அதிர்ஷ்டம். அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், தேசிய விடுமுறை வேறு.

ஆக, பையன் இறங்கிய நாளிலிருந்து பிளாக்டு பணம் கையில் விழும் நாள் வரை குறைந்தது மூன்று வாரம். ஐந்து வாரம் ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் கணக்குப் போட வேண்டியது இந்த இடைவெளிக்குத்தான்.

இதில் பெரிய செலவு வாடகையும் முன்பணமும். முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இவை இரண்டையும் பெரும்பாலும் வங்கிப் பரிமாற்றமாகத்தான் வாங்குவார்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டிலிருந்து அப்படி அனுப்ப முடியாது. அதனால் விடுதி ஒப்பந்தம் கைக்கு வந்திருந்தால், முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் இங்கிருந்தே உங்கள் வங்கி மூலமாக விடுதிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அனுப்புவது நல்லது. தனி வீடாக இருந்து, வீட்டையே காட்டாமல் ‘முன்பணம் அனுப்பு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று யாராவது சொன்னால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களை ஏமாற்ற இது பழைய வழி.

மற்றதெல்லாம் சாப்பாடு, பஸ், சிம் கார்டு, ஒரு கம்பளி, நாலு பாத்திரம். இதற்கு நானாக இருந்தால் 500 யூரோவைச் சின்ன நோட்டுகளாகவும், 1,500 யூரோவை ஃபாரெக்ஸ் கார்டிலும் கொடுத்து அனுப்புவேன்.

நோட்டு எதற்கு என்று பேரன் கேட்பான். அமெரிக்கா, சுவீடன் மாதிரி இல்லை ஜெர்மனி. இன்னும் ரொக்கத்தின் மேல் பிரியமுள்ள நாடு. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் எந்தக் கார்டும் ஓடும். சின்ன உணவகத்தில் ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். சில கடைகளில் கார்டு வாங்குவார்கள், ஆனால் அந்த நாட்டு வங்கிகள் தரும் கீரோகார்டு மட்டும்தான். நம் ஊர் விசா கார்டை மெஷின் திருப்பித் தந்துவிடும். ஜிபே ஸ்கேன் செய்கிற பழக்கத்தைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆனால் தாத்தா சொல்வது போல மொத்தமும் நோட்டாக வேண்டாம். சட்டப்படியே ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் அந்நிய நோட்டு வாங்க முடியாது. (ஐரோப்பாவுக்குள் நுழையும்போது 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கவலை நமக்கு இல்லை.) முதல் அறை கிடைக்கும்வரை நாலு பேரோடு தங்குகிற பிள்ளை, குளிக்கப் போகும்போது இடுப்புப் பையை எங்கே வைப்பான்? யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது 10, 20, 50 யூரோ நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் இருப்பவர் 100, 200 என்று எண்ணி வைக்கத்தான் பார்ப்பார், அவருக்கு அது சுலபம். 500 யூரோ நோட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். செல்லும்தான், ஆனால் 2019-லேயே வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள், பல கடைகளில் வாங்குவதில்லை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எடுத்துக்கொண்டு வங்கிக்கோ உரிமம் பெற்ற நாணய மாற்றுநருக்கோ போங்கள். பயணத்துக்கு 60 நாளுக்குள்தான் தருவார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விமான நிலைய கவுண்டருக்கு என்று மிச்சம் வைக்காதீர்கள், அங்கே ரேட் கசக்கும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் டிசிஎஸ் வரி பற்றிப் பயப்பட வேண்டாம். கல்விக் கடனிலிருந்து போன பணத்துக்கு அது கிடையாது. சொந்தப் பணத்துக்கும் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான்.

ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று போதாது. மகனின் டெபிட் கார்டும் கூடப் போகட்டும். 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, தினசரி வரம்பையும் வைக்க வேண்டும். அதைக் கரூரில் உட்கார்ந்தே செய்துவிடுங்கள். ஒரு கார்டு பர்ஸில், இன்னொன்று பெட்டிக்குள், நோட்டில் பாதி வேறு பையில். ஒன்றைத் தொலைத்தால் மற்றது காப்பாற்றும். இரண்டு கார்டின் பின் நம்பரும் மனப்பாடம். மூன்று முறை தப்பாக அடித்தால் கார்டு பூட்டிக்கொள்ளும். (நான் பட்டது போதும்.) டெபிட் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் ‘ரூபாயிலா, யூரோவிலா?’ என்று கேட்டால் யூரோ என்றே அமுக்க வேண்டும். ரூபாய் என்று அமுக்கினால் அந்த மெஷின்காரர் வைத்த ரேட்டில் போகும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றை மறந்தால் அத்தனையும் வீண். அது அவனுடைய இந்திய சிம். ஓடிபி அதில்தான் வரும். நிறைய பிள்ளைகள் அங்கே புது சிம் போட்டதும் பழையதைக் கழற்றி எங்கோ வைத்துவிடுகிறார்கள், ரீசார்ஜ் காலாவதியாகி நம்பரே போய்விடுகிறது. அப்புறம் கார்டில் ஒரு சின்ன மாற்றம் செய்யக்கூட வழியில்லாமல் நிற்கிறார்கள். புறப்படுமுன் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். அங்கே போனில் இரண்டு சிம்மும் இருக்கட்டும். மாதாமாதம் ரீசார்ஜ் போடும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் அவனுடைய இமெயிலும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, படிக்கத்தானே போகிறான் என்று விட்டுவிடாதீர்கள். ஃபெமா கணக்கில் வெளிநாட்டில் படிக்கும் மாணவரும் வெளிநாடுவாழ் இந்தியர்தான். அவனுடைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். படிவத்தை இப்போதே கிளையில் வாங்கி, என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டால், போனபின் அலைய வேண்டியதில்லை.

மாமனாரிடம் ஒரு வேலை கொடுக்கலாம். ரூபாய் நோட்டு 25,000 வரை கையில் கொண்டு போகலாம். பேரன் விடுமுறைக்குத் திரும்பி வந்து நள்ளிரவில் சென்னையில் இறங்கும்போது டாக்சிக்கும் இட்லிக்கும் வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு 2,000 ரூபாயை எண்ணி பாஸ்போர்ட் உறைக்குள் அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். இடுப்பில் கட்டினாலும் சரிதான்.